பன்னிரண்டு மணி வரை யாருடைய அறை? மதுரையில் ஒரு செக்-அவுட் காலை

அறையைக் காலி செய்யும் நாளன்று ஹவுஸ்கீப்பிங் ஆள் வந்து கதவைத் தட்டுவது, ஹோட்டலில் தங்கிய எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அந்தப் பேச்சு வந்தாலே இரண்டு காரணம்தான் சொல்வார்கள். "ரூம் பாய்க்கு மரியாதை தெரியலை" என்பது ஒன்று, "டிப்ஸுக்காகத் தட்டுறான்" என்பது இன்னொன்று. பெரும்பாலான நேரம் இரண்டுமே காரணமில்லை என்பது என் கருத்து. முதல் நாள் இரவு ரிசப்ஷனில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுகிறார்கள். அதன் பலனை மறுநாள் காலையில் ரூம் பாயும் நாமும் கதவின் இரண்டு பக்கமும் நின்று அனுபவிக்கிறோம். சமீபத்தில் மதுரையில் எங்களுக்கு நடந்ததை வைத்து இதை விவரமாகவே எழுதுகிறேன். முன்பு சில காலம் ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸில் வேலை பார்த்திருக்கிறேன். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் கையில் வைத்திருக்கும் தாளைப் படிக்கத் தெரிந்ததால் விஷயத்தைத் தோண்டிப் பார்க்க முடிந்தது.

நடந்தது

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் உள்ள நடுத்தர ஹோட்டல். பெயர் வேண்டாம். ஆவணி மாதம், அடுத்தடுத்து முகூர்த்தம் இருந்த வாரம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அம்மாவும் நானும் போயிருந்தோம். கடைசி இரவு விருந்து முடிந்து அறைக்கு வர நள்ளிரவு தாண்டிவிட்டது. அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், முழங்கால் வலி. படுத்துத் தூக்கம் பிடிக்கவே நேரமாகும். மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்பும் தேஜஸ் ரயிலில் டிக்கெட் என்பதால் அவசரம் எதுவும் இல்லை. செக்-அவுட் மதியம் 12 மணி என்று முன்பதிவுச் சீட்டில் இருந்தது, ரிசப்ஷன் பலகையிலும் இருந்தது. படுக்கும்போது 'தொந்தரவு செய்யாதீர்கள்' (டிஎன்டி) அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

காலை ஏழு மணி சுமாருக்கு இன்டர்காம் அடித்தது. "சார், ரூம் எப்போ வெக்கேட் பண்றீங்க?" பதினொன்றரைக்கு மேல் என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டார்கள். எட்டு மணிக்குக் காலிங் பெல். திறந்தால் டிராலியோடு ஒரு பையன். "டவல் செக் பண்ணணும் சார்" என்றான். அட்டையைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அப்புறம் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்குள் நடந்ததுதான் பெரிய விஷயம். நான் காபி வாங்கக் கீழே இறங்கியிருந்தேன். அம்மா குளித்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார். கதவில் ஒரு தட்டு. "யாரு?" என்று கேட்பதற்குள் சாவி அட்டை போட்ட சத்தம். கதவு ஒரு சாண் திறந்து, உள்ளே மாட்டியிருந்த சங்கிலியில் தட்டி நின்றது. அம்மா போட்ட சத்தத்தில் பையன் பயந்து கதவை விட்டுவிட்டு ஓடிவிட்டான். நான் மேலே வந்தபோது அம்மா சேலையை அள்ளிப் போர்த்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "சங்கிலி மட்டும் இல்லைன்னா என்னடா ஆயிருக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதற்குப் பிறகும் இன்டர்காம் ஒரு தடவை அடித்தது. பில் தயார் பண்ணலாமா என்று கேட்டார்கள். அம்மாவுக்கு அந்த அறையிலேயே இருக்கப் பிடிக்கவில்லை. பத்தரை மணிக்குக் காலி செய்துவிட்டோம். சீட்டில் போட்ட நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஹோட்டலுக்கு அறை கிடைத்துவிட்டது.

லாபியில்

பில்லுக்குக் காத்திருந்தபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. சோபா முழுக்க ஒரு கல்யாணக் கூட்டம். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள். அந்த ரயில் விடியற்காலையிலேயே மதுரையில் இறக்கிவிட்டுவிடும். ஆறு அறை பதிவு செய்திருந்தார்கள். இரண்டு அறைதான் கிடைத்திருந்தது. மற்றவர்கள் அப்போதிலிருந்து லாபியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சூட்கேஸ் மேல் தலை வைத்து ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி, கீழே உள்ள ஒரே பொதுக் கழிவறைக்கு மூன்றாவது ஆளாகச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். அவர்கள் வீட்டுப் பெரியவர் ரிசப்ஷனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "முழுப் பணமும் கட்டியாச்சு. காலையிலயே ரூம் ரெடியா இருக்கும்னு சொன்னீங்கள்ல?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடமும் யாரோ பொய்யான நம்பிக்கை கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி வரை எனக்கு விற்ற அறையை, காலை ஆறு மணியிலிருந்து அவருக்கும் வாய்வார்த்தையாக விற்றிருக்கிறார்கள். ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் ஓர் அறைக்கு இரண்டு சொந்தக்காரர்கள். அந்தத் தகராறைத் தீர்க்க ரிசப்ஷன் அனுப்பிய ஆள்தான் அந்தப் பையன்.

மாடி சூப்பர்வைசர் கீழே வந்தார். நாற்பது வயது இருக்கும், ரொம்ப களைத்துப் போயிருந்தார். நான் பழைய ஃப்ரண்ட் ஆபீஸ் ஆள் என்று சொன்னதும் கையிலிருந்த தாளைக் காட்டினார். அதில் மூன்றாம் மாடி அறைகள் வரிசையாக இருந்தன. எங்கள் எண்ணுக்கு எதிரே, இன்று கிளம்புபவர்கள் என்பதற்கான 'டியூ அவுட்' குறி. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். பக்கத்தில் 'மேரேஜ் பார்ட்டி, அர்ஜென்ட்' என்று எழுதியிருந்தது. கிளம்பும் நேரம் எழுதுவதற்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் அந்த மாடி முழுக்கக் காலியாக இருந்தது. ஏழு மணிக்கு நான் இன்டர்காமில் பதினொன்றரை என்று சொன்னது அந்தத் தாளுக்கு வந்து சேரவே இல்லை.

"அட்டை மாட்டியிருந்தேனே மேடம்?" என்று கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார்: "கிளம்புற நாள்ல டிஎன்டி கணக்கில்லை சார். இங்க அப்படித்தான்."

இந்த விதி எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அந்த மாடியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அங்கே தங்கும் ஒருவருக்கும் தெரியாது.

ரூம் பாயின் கணக்கு

ஓர் ஆள் ஒரு ஷிஃப்டில் 14 முதல் 16 அறை வரை பார்ப்பது ஹோட்டல்களில் வழக்கமான கணக்கு. தொடர்ந்து தங்குபவர்களின் அறை என்றால் படுக்கையைச் சரிசெய்து, குப்பை எடுத்து, டவல் மாற்றிவிட்டு 15 முதல் 20 நிமிடத்தில் முடித்துவிடலாம். காலியான அறைக்கு அது போதாது. விரிப்பு, தலையணை உறை எல்லாம் உருவி எடுத்து, பாத்ரூமைக் கழுவித் துடைத்து, புதுசாகப் படுக்கை போட்டு, சோப்பு தண்ணீர் பாட்டில் வைத்து, கட்டிலுக்கு அடியில் யாராவது எதையாவது விட்டுப் போனார்களா என்று பார்த்து முடிக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். அதன் பிறகு சூப்பர்வைசர் வந்து பார்த்து, 'ரெடி' என்று சொன்னால்தான் ரிசப்ஷன் அந்த அறையை அடுத்தவருக்குக் கொடுக்க முடியும்.

அன்று அந்தப் பையன் தாளில் எட்டு அறை கிளம்பும் அறைகள். அறைக்கு 40 நிமிடம் வைத்தாலும் ஐந்து மணி இருபது நிமிடம். அவன் ஷிஃப்ட் காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிகிறது. எட்டுப் பேரும் சீட்டில் உள்ளபடி 12 மணிக்குக் காலி செய்தால், அவன் எட்டாவது அறையை முடிக்கும்போது மணி ஐந்தரையை நெருங்கும். மற்ற அறைகள் தனி. இதில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான் வருகிறது. அந்த ஹோட்டலில் செக்-இன் நேரமும் 12 மணி, செக்-அவுட் நேரமும் 12 மணி. ஒருவர் வெளியே போகும் நிமிடமும் அடுத்தவர் உள்ளே வரும் நிமிடமும் ஒன்று. நடுவில் துடைப்பதற்கு என்று ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. அந்த நேரத்தை யாரிடமிருந்தாவது எடுத்தாக வேண்டும். விருந்தினரின் காலைத் தூக்கத்திலிருந்து எடுக்கிறார்கள், மீதியைப் பையனின் மதியச் சாப்பாட்டிலிருந்து எடுக்கிறார்கள். பல பெரிய ஹோட்டல்கள் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்லி 2 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவது இந்த இடைவெளிக்காகத்தான். நாம் அதைப் பார்த்து "இரண்டு மணி நேரத்தைச் சுருட்டுறான்" என்று அலுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நம் கதவைத் தட்டாமல் இருப்பதற்கான நேரமும்கூட.

டவல் செக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் பில் கட்டும்போது, ரிசப்ஷனிலிருந்து மாடிக்குப் போன் போகும். டவல், ரிமோட், கெட்டில் எல்லாம் இருக்கிறதா என்று ஓர் ஆள் ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏதாவது குறைந்து, அது பில் போட்ட பிறகு தெரிந்தால் சில இடங்களில் அந்தப் பணத்தை மாடிப் பையன் சம்பளத்தில் பிடிப்பார்கள். இந்த வழக்கம் அநியாயம். ஆனால் அது இருக்கிற இடத்தில் பையன் எட்டு மணிக்கே டவலை எண்ண வருவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராத்திரி ரயிலும் 24 மணி நேர லாட்ஜும்

நம் ஊரில் பயணமே ராத்திரியில்தான். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறி விடியற்காலையில் இறங்குவார்கள். குளித்துவிட்டுக் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ போக வேண்டும். அவர்களுக்கு அறை தேவைப்படுவது காலை ஐந்து, ஆறு மணிக்கு. முதல் நாள் தங்கியவர்கள் நல்ல தூக்கத்தில் இருக்கும் நேரம் அது.

மதுரை, பழனி, ராமேஸ்வரம், திருச்செந்தூர் போன்ற கோயில் ஊர்களின் பழைய லாட்ஜுகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன: 24 மணி நேர செக்-அவுட். காலை ஐந்து மணிக்கு வந்தால் மறுநாள் ஐந்து மணி வரை அறை உங்களுடையது. இரவு ஒன்பதுக்கு வந்தால் மறுநாள் ஒன்பது. ரிசப்ஷன் பேரேட்டில் வந்த நேரத்தை எழுதி, நம் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை என்பதால் துடைக்கும் வேலையும் நாள் முழுக்கப் பரவிவிடும். கதவைத் தட்டினாலும் அவரவர் நேரம் முடிகிறபோதுதான் தட்டுவார்கள். சுவரில் வெற்றிலைக் கறை இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அந்த லாட்ஜுகள் நாணயமாக நடந்துகொண்டன. இப்போதும் சில இடங்களில் இந்த முறை இருக்கிறது.

இணையத்தில் முன்பதிவு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. முன்பதிவுத் தளங்கள் அறையைத் தேதி கணக்கில் விற்கின்றன, மணிக் கணக்கில் இல்லை. 14ஆம் தேதி இரவு ஒருவருக்கு, 15ஆம் தேதி இரவு இன்னொருவருக்கு. 15ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கிறவர் அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. அவர் 14ஆம் தேதி இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்க வேண்டும், அல்லது மதியம் வரை காத்திருக்க வேண்டும். இதை முகத்துக்கு நேராகச் சொன்னால் பதிவு கைவிட்டுப் போய்விடும் என்று ஹோட்டல்காரர்கள் "பார்த்துக்கலாம் சார், வாங்க" என்கிறார்கள். அந்தப் 'பார்த்துக்கலாம்' காலையில் எங்கள் கதவுக்கு வந்து சேர்ந்தது.

அட்டையும் சாவியும்

அட்டையை மதிக்காமல் உள்ளே வர ஹோட்டலுக்கு உரிமையே இல்லையா என்றால், இருக்கிறது. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் மேண்டலே பே ஹோட்டல் அறையிலிருந்து ஒருவன் கீழே இசை நிகழ்ச்சியில் இருந்த கூட்டத்தைச் சுட்டான். அவன் அறைக்கதவில் இந்த அட்டைதான் தொங்கியது. அதன் பிறகு அமெரிக்க ஹோட்டல்கள் பலவும் விதியை மாற்றின. அந்த ஆண்டு டிசம்பரில் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் சில ஹோட்டல்கள் அந்த அட்டையை எடுத்துவிட்டு, அறையில் ஆள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லும் அட்டையை வைத்தன. அட்டை ஒரு நாளுக்கு மேல் தொங்கினால் ஆள் அனுப்பி விசாரிக்கும் வழக்கமும் பரவியது. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கலாம், தப்பான காரியம் நடக்கலாம். போய்ப் பார்க்க வேண்டியதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

எங்களுக்கு நடந்ததில் பாதுகாப்பு எங்கேயும் வரவில்லை. இரவு மாட்டிய அட்டை, விடிந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, ஏழு மணிக்கு நான் இன்டர்காமில் பேசியும் இருக்கிறேன். உள்ளே ஆள் இருப்பது ஹோட்டலுக்கு நன்றாகத் தெரியும். இடத்துக்கான அவசரம் மட்டும்தான்.

சாவி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது: மூன்று தடவை தட்டு, "ஹவுஸ்கீப்பிங்" என்று சத்தமாகச் சொல், பத்து எண்ணும் வரை காத்திரு. மறுபடியும் தட்டு, சொல், காத்திரு. அதற்குப் பிறகுதான் சாவி, அப்போதும் கதவைக் கொஞ்சம் திறந்து குரல் கொடுத்துவிட்டு. அந்தப் பையன் ஒரு தட்டோடு சாவியைப் போட்டான். அவன் வடமாநிலத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவனுக்கு இதை யாரும் நின்று சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாளே டிராலியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

காத்திருக்கும் அந்தப் பத்து வினாடி விருந்தினருக்காக மட்டும் இல்லை. பூட்டிய அறைக்குள் தனியாகப் போகும் வேலை இது. உள்ளே யார், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தெரியாது. அறைக்குள் வைத்துப் பெண் பணியாளர்களிடம் அத்துமீறும் விருந்தினர்கள் உண்டு. 2017இல் சிகாகோ நகரசபை, இப்படித் தனியாக அறைக்குள் போகும் ஹோட்டல் பணியாளர்களுக்கு அபாய பட்டன் கொடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. நம் ஊரில் பட்டன் வருகிறபோது வரட்டும். தட்டிவிட்டுக் காத்திருக்கச் சொல்லிக்கொடுக்கச் செலவே கிடையாது.

கேட்டதும் கிடைத்ததும்

மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார். பில்லில் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை உலுக்கியது: "பையனை இன்னைக்கே நிறுத்திடறேன் சார்." அம்மா குறுக்கிட்டார். "அந்தப் புள்ளையை ஏன்ப்பா நிறுத்துற? அனுப்பினவங்க யாருன்னு பாரு" என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதுவதை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது, 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. ஆள் இருக்கிற அறையைச் சாவி போட்டுத் திறந்தது சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். வெறும் தட்டலுக்காக யாரும் அங்கே போக வேண்டியதில்லை. ஹோட்டலுக்கு எழுத்தில் ஒரு மின்னஞ்சல், நேரத்தோடு அனுப்பினாலே போதும். நான் அதைத்தான் செய்தேன். அதில் நான் கேட்டவை: இரவு ஒன்பது மணிக்குள் மறுநாள் கிளம்பும் எல்லா அறைக்கும் ரிசப்ஷனிலிருந்து போன் செய்து, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்க வேண்டும். பதிலைத் தாளின் காலிக் கட்டத்தில் எழுதி, காலையில் அந்த நேர வரிசையில் பையன்களை அனுப்ப வேண்டும். சீக்கிரம் காலி செய்ய முடிந்தவர்களை அப்போதே தயங்காமல் கேட்கலாம். முந்தின இரவு கேட்டிருந்தால் நானே பத்து மணிக்குத் தருகிறேன் என்று சொல்லியிருப்பேன், பைகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டு அம்மாவோடு நிதானமாகச் சாப்பிடப் போயிருப்பேன். ஆறு மணிக்கு வருகிறவர்களிடம் பதிவின்போதே உண்மையைச் சொல்ல வேண்டும். அரை நாள் வாடகை கட்டினால் விடியற்காலையில் அறை, இல்லையென்றால் குளித்து உடை மாற்ற மட்டும் பொது அறை, இரண்டில் எது வேண்டும் என்று கேட்க வேண்டும். மதுரை ஜங்ஷனிலேயே ஓய்வறைகள் இருக்கின்றன, ரயில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஐஆர்சிடிசி மூலம் 12 மணி நேரத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். அதையும் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பதில் வந்தது. பையன் வேலையில் இருக்கிறான், மூன்று தட்டு முறையை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். இரவு போன் செய்வதையும் தொடங்கிவிட்டார்களாம். செக்-இன் நேரத்தை 2 மணிக்குத் தள்ளினால் முன்பதிவுத் தளத்தில் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள், அதனால் 12 மணியாகவே இருக்கும் என்றார்கள். முகூர்த்த நாட்களில் இரண்டு அறையை விற்காமல் ஒதுக்கி, விடியற்காலையில் வருகிறவர்கள் குளிக்க வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த இரண்டு அறையின் ஒரு நாள் வாடகையைத்தான் அவர் யோசிக்கிறார் என்று நினைக்கிறேன். அடுத்த முகூர்த்த மாதம் ஐப்பசி.